அஸ்ஸஹ்ராவி முதல் கொப்பன்ஹேகன் வரை: கழுத்துக் குழாயின் வரலாறு

மீலாத் விழாக் கட்டுரைப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். "மருத்துவத் துறைக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி" என்று தலைப்புக் கொடுத்தால் போதும், இப்னு ஸீனா, அர்ராஸி, அஸ்ஸஹ்ராவி ஆகிய மூன்று பெயர்களும் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொருவரும் ஏதாவதொன்றுக்குத் தந்தையாக இருப்பார். கொரோனாக் காலத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலில் ஒரு புதிய வசனமும் சேர்ந்துகொண்டது: இன்று ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் வென்டிலேட்டரை முதன்முதலில் கண்டுபிடித்தவர்களும் முஸ்லிம்களே என்பது. பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், "இது எங்க இருந்து எடுத்த மகள்?" என்று கேட்டேன். "வட்ஸ்அப்ல வந்திச்சு சேர்" என்றாள்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். மருத்துவம் என் துறையல்ல. ஆனாலும், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒருவரோடு இரண்டு வருடம் ஒரே வளவில் இருந்திருக்கிறேன். அதனால் இந்தக் குழாயின் கதையைத் தேடித் தேடி வாசித்தேன். வாசித்த பிறகு எனக்குப் பட்டது என்னவென்றால், எங்கள் முன்னோர் உண்மையில் எழுதி வைத்திருப்பது அந்த வட்ஸ்அப் வசனத்தைக் காட்டிலும் எவ்வளவோ மேலானது.

அஸ்ஸஹ்ராவியிலிருந்தே தொடங்கலாம். அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி குர்துபாவுக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். காலம் கி.பி. 936 முதல் 1013 வரை என்பர். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகளைக் கொண்ட பெருநூல். கடைசிப் பகுதி சத்திரசிகிச்சை பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் இருக்கின்றன. அப்பகுதியில் தொண்டை வீங்கி மூச்சு அடைபடுகிறவருக்குக் கழுத்தில் சுவாசக் குழாயைத் திறப்பது எப்படி என்றும் அவர் விவரிக்கிறார். மூன்றாவது அல்லது நான்காவது வளையத்துக்குக் கீழே, இரண்டு வளையங்களுக்கு இடைப்பட்ட சவ்வில், குறுக்காக வெட்ட வேண்டும். குருத்தெலும்பில் கத்தி படக்கூடாது. ஆபத்து நீங்கும் வரை வாயைத் திறந்தே விட்டு, பின்னர் தோலை மட்டும் தைத்து மூட வேண்டும் என்கிறார். இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இதை வாசித்தால் இடம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார் என்று ஒப்புக்கொள்வார்.

மேடைகளில் யாரும் சொல்லாத பகுதி இனித்தான் வருகிறது. இப்படிச் செய்யலாமென்று பழைய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் எங்கள் நாட்டில் எவரும் இதைச் செய்து தாம் கண்டதில்லை என்று அஸ்ஸஹ்ராவி வெளிப்படையாகவே பதிந்துவிடுகிறார். அப்படியானால் இது செய்யத்தக்கது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஓர் அடிமைப் பெண் கத்தியால் தன் கழுத்தைத் தானே வெட்டிக்கொண்டாள். அவளைப் பார்க்க இவரை அழைத்தார்கள். போனபோது அறுக்கப்பட்ட பிராணி போல அவள் கதறிக்கொண்டிருந்தாள். காயத்தை ஆராய்ந்தார். பெரிய இரத்த நாளங்கள் எதுவும் வெட்டுப்படவில்லை. வெட்டு வாயிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. உடனே தைத்துச் சிகிச்சை செய்தார். பெண் பிழைத்துக்கொண்டாள். குரல் கரகரத்துப் போனதைத் தவிர வேறு குறை வரவில்லை. இதிலிருந்துதான், சுவாசக் குழாயைத் திறப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

சுவாசக் குழாய் வெட்டுப்பட்டாலும் மனிதர் பிழைக்கலாம், அது ஆறும் என்பதற்கு அவரிடம் இருந்த சாட்சி, பெயர்கூடப் பதியப்படாத ஒரு பெண்ணின் துயரம். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அவர் எழுதவில்லை. நான் அந்தப் பந்தியை வாசித்தபோது சத்திரசிகிச்சையின் தந்தையை விட அவளைத்தான் அதிகம் நினைத்தேன்.

அஸ்ஸஹ்ராவிக்குச் சற்றுப் பிந்தியவரான இப்னு ஸீனா (980–1037) 'அல்கானூன்' நூலில் தொண்டை அடைப்பைப் பற்றிப் பேசுமிடத்தில், தேவை ஏற்பட்டால் பொன்னாலோ வெள்ளியாலோ அது போன்ற வேறொன்றாலோ செய்த குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி மூச்சுக்கு உதவலாம் என்கிறார். சின்னக் குறிப்புத்தான். ஆனால், உடலுக்குள் வைக்கும் குழாய் எந்தப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது. அதற்கு ஓரளவு நல்ல விடை கிடைக்க மேலும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அடுத்தவர் இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னு ஸுஹ்ர், 1162 அளவில் வபாத்தானவர். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். இப்னு ருஷ்தின் நண்பர். பொதுக் கோட்பாடுகளை இப்னு ருஷ்த் எழுத, தனித்தனி நோய்களுக்கான விவரங்களை இவர் 'அத்தைஸீர்' நூலில் எழுதினார். கழுத்தைத் திறப்பதைப் பற்றி வைத்தியர்களிடையே கருத்து வேற்றுமை இருப்பதைப் படிக்கிற காலத்திலேயே அவர் கவனித்திருக்கிறார். ஆற்றக்கூடிய காயமா, ஆறாத காயமா? ஏட்டைப் புரட்டி வாதாடுவதை விட்டுவிட்டு ஓர் ஆட்டைப் பிடித்தார். தோலை வெட்டி, அடியிலுள்ள உறையை வெட்டி, சுவாசக் குழாயில் ஒரு பயற்றங்கொட்டையை விடச் சற்றே சிறிதாக ஒரு துளை போட்டார். பிறகு தேன் கலந்த தண்ணீரால் காயத்தைக் கழுவிக் கழுவி வந்தார். காயம் ஆறியது. ஆடு நெடுங்காலம் உயிரோடு இருந்தது.

ஒரு சந்தேகம், ஒரு பரீட்சை, ஒரு முடிவு, அதற்குப் பிறகான பராமரிப்பு ஆகிய நான்கும் அந்தச் சில வரிகளில் இருக்கின்றன. குறிப்பாகக் கடைசியானது. துளை போடுவது ஒரு நாள் வேலை. கழுவுவது ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை. இந்த வரலாறு முழுவதிலும் முதலாவதைச் செய்தவர்களின் பெயர்களே எஞ்சியிருக்கின்றன.

வென்டிலேட்டர் விஷயத்துக்கு வருவோம். அந்தக் கூற்றுக்கு ஏதாவது அடிப்படை உண்டா என்று பார்த்தால், பக்தாதில் இருந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரின் 'கிதாபுல் ஹியல்' என்ற நூலைச் சொல்லலாம். கி.பி. 850ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்நூலில் ஏறக்குறைய நூறு பொறிகள் விவரிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கெட்ட காற்று நிறைந்த கிணற்றில் இறங்குகிறவருக்கானது. மேலே துருத்தி வைத்து ஊதி, குழாய் வழியாக நல்ல காற்றை அவருக்கு அனுப்பும் ஏற்பாடு. கிணறு துப்புரவாக்க இறங்கி மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்தி இன்றும் எங்கள் பத்திரிகைகளில் வருவதை நினைத்தால், ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இதற்கு ஒரு கருவி யோசித்தார்களே என்று நெஞ்சு நிறையத்தான் செய்கிறது. ஆனால் இது தானாக மூச்சு விடக்கூடிய ஒருவருக்கு நல்ல காற்றைக் கொடுக்கிற பொறி. மூச்சு விட முடியாதவருக்காக மூச்சு விடுகிற பொறி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் பனூ மூஸாவுக்கும் பெருமையில்லை, படிக்கிற பிள்ளைக்கும் பிரயோசனமில்லை.

ஐரோப்பாவுக்குப் போன கதை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேடோவில் இருந்துகொண்டு கிரெமோனா நகரத்து ஜெரார்ட் அஸ்ஸஹ்ராவியின் சத்திரசிகிச்சைப் பகுதியையும் கானூனையும் லத்தீனுக்குக் கொண்டுபோனார். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அவை அங்கே பாடநூல்கள். 1543இல் வெசாலியஸ், இறக்கும் தறுவாயில் இருந்த பிராணியின் சுவாசக் குழாயில் நாணற்குழல் செருகி ஊதியபோது நுரையீரல் எழும்பியதையும் இதயத் துடிப்பு மீண்டதையும் எழுதினார். 1546இல் இத்தாலியில் பிரசவோலா என்பவர் மூச்சடைத்த ஒரு நோயாளிக்குக் கழுத்தைத் திறந்து காப்பாற்றியதாகப் பதிவு உண்டு. ஆனாலும் துணிந்தவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் 1799 டிசம்பர் 14ஆம் திகதி இறந்தார். தொண்டை வீங்கி மூச்சடைத்துத்தான் இறந்தார். பக்கத்தில் மூன்று வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களுள் இளையவரான எலிஷா டிக் கழுத்தைத் திறந்து பார்ப்போமா என்று கேட்டார். மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப இரத்தம் இறக்கினார்கள். எழுநூற்றெண்பது வருடங்களுக்கும் அதிகமாக அந்த வெட்டு எங்கே போட வேண்டுமென்பது எழுத்தில் இருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

பிரான்சில் 1825இல் பிரெட்டனோ என்ற வைத்தியர் தொண்டைக் கரப்பான் (டிப்தீரியா) வந்த ஒரு சிறுமிக்குக் கழுத்தைத் திறந்து காப்பாற்றினார். அவருடைய மாணவர் துரூஸோ அதைப் பரவலாக்கினார். அந்த நோயில் தொண்டைக்குள் தோல் போல ஒரு படலம் வளர்ந்து பிள்ளைகளின் மூச்சை அடைத்துவிடும். குழாய் வைத்த பிறகும் நிறையப் பிள்ளைகள் இறந்தார்கள். காரணம், குழாய் வைத்ததோடு வேலை முடிந்தது என்று பலர் எண்ணியதுதான். துரூஸோ அப்படி எண்ணவில்லை. குழாயைச் சுத்தம் செய்வதைப் பற்றியும், கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டுவதைப் பற்றியும் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். துணி எதற்கு? மூக்கு செய்கிற வேலையை அந்தத் துணி செய்ய வேண்டும். நாங்கள் இழுக்கிற காற்றை மூக்கு சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசியை வடிக்கிறது. கழுத்தில் வாசல் வைத்தால் காற்று மூக்குக்குப் போகாமல் நேரே உள்ளே இறங்குகிறது. காய்ந்த காற்றுப் பட்டுச் சளி இறுகிப் பிசினாகிறது. பிசின் குழாயை அடைக்கிறது. எளிமையான ஒரு கண்ணித் துணியில் வெளிமூச்சின் ஈரம் தங்கி அடுத்த உள்மூச்சோடு திரும்பப் போகும்.

உள்குழாய்

என் சாச்சாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கடற்கரையில் மீன் கூறி விற்கிறவர். விடிய நாலு மணிக்கு அவர் ஏலம் கூறுகிற சத்தம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் கேட்கும் என்பார்கள். வெற்றிலையும் புகையிலையும் பீடியும் ஓயாத வாய். குரல்வளையில் கட்டி வந்தது. மூச்சு அடைக்கவே கழுத்தில் துளையிட்டு உலோகக் குழாய் ஒன்று வைத்தார்கள். பிறகு மஹரகமவில் கதிர்ச் சிகிச்சை. ஏலம் கூறிய குரல் அதோடு போனது. கழுத்துத் துளையை விரலால் பொத்திக்கொண்டு காற்றடிக்கிற மாதிரி இரண்டு மூன்று சொல் சொல்வார்.

குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுக் காகிதத்தில் மருந்து எழுதித் தந்தார்கள். குழாயைப் பற்றி எதுவும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் நாள் இரவு அது அடைத்துக்கொண்டது. சாச்சா எழும்பி உட்கார்ந்து கையால் கட்டிலை அடித்தார். விழி பிதுங்கிவிட்டது. சாச்சி சத்தம் போட்டு அழுதா. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற மிஸி ஒருவர் இருந்தது அல்லாஹ்வின் நாட்டம். அவர் ஓடி வந்து கழுத்தில் கை வைத்து எதையோ திருகினார். குழாய்க்குள்ளிருந்து இன்னொரு குழாய் கழன்று வந்தது! உள்ளே மஞ்சளும் சிவப்புமாய்க் கட்டித்த சளி. சாச்சாவின் நெஞ்சு ஒரு தடவை பெரிதாய் எழும்பி இறங்கியது.

"உள்ளுக்க இன்னொண்டு இரிக்கிண்டு ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லியா புள்ள?" என்று அவர் சாச்சியைக் கேட்டார். "இத நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கழட்டிக் கழுவணும். வெளிக்குழாய்ல கை வைக்கப் போடா. நாடாவ அவிக்கப் போடா."

அன்றிலிருந்து இரண்டு வருடம் சாச்சி அந்த வேலையைச் செய்தா. எழுதப் படிக்கத் தெரியாத மனிசி. கொதித்தாறிய தண்ணீர், சின்னப் பிரஷ், சுற்றிய சீலைத் துண்டு, நேரம் பார்க்க ஒரு மேசைக் கடிகாரம். தஹஜ்ஜுத்துக்கு எழும்புகிறவர்களுக்கு முன்னால் எழும்பிவிடுவா. நாடா எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அவவிடம் ஓர் அளவு இருந்தது: நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும், இரண்டு விரல் போகக்கூடாது. பிற்பாடு தாதியர் பாடநூலொன்றில் அதே விரல் அளவைப் பார்த்தேன்.

இந்த உள்குழாய் எப்போது வந்தது என்று தேடினேன். ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் நகரில் ஜோர்ஜ் மார்ட்டின் என்ற வைத்தியர் 1730 அளவில் ஒரு நோயாளிக்குக் கழுத்தைத் திறந்து ஈயக் குழாய் வைத்தார். சளி அடைக்கிற பிரச்சினை அவருக்கும் வந்தது. அதை அவர் விவரித்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைக் குழாய் செய்தால் என்ன, உள்ளேயிருப்பதை நோயாளிக்கு வருத்தமில்லாமல் கழற்றிக் கழுவலாமே என்று யோசனை சொன்னவர் ஒரு வைத்தியரல்ல. ஊரிலிருந்த கிறிஸ்தவப் போதகர் ஒருவர். அவருடைய பெயரை மார்ட்டின் எழுதவில்லை. அந்த இரவில் சாச்சாவைக் காப்பாற்றியது அந்தப் பெயரில்லாத போதகரின் யோசனைதான் என்றே நான் கருதுகிறேன்.

வெள்ளி, இறப்பர், பிளாஸ்டிக்

சாச்சாவின் கழுத்திலிருந்த குழாய் ஜாக்ஸன் குழாய் என்ற வகையைச் சேர்ந்தது. பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த செவாலியர் ஜாக்ஸன் (1865–1958) வடிவமைத்தது. வெளிக்குழாய், உள்குழாய், வைக்கும்போது வழிகாட்டுகிற முனை மழுங்கிய கோல் என்று மூன்று பாகம். அந்த ஊரின் பில்லிங் நிறுவனம் வெள்ளியில் செய்து விற்றது. ஜாக்ஸன் சின்ன வயதிலிருந்தே பட்டறை வேலை பழகியவர், தம் கருவிகளைத் தாமே செய்து பார்ப்பவர். விழுங்கிய ஊசி, காசு, பொத்தான் என்று பிள்ளைகளின் தொண்டையிலிருந்து எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். அவை இன்றும் அந்நகர அருங்காட்சியகமொன்றில் இருக்கின்றன. 1909இலும் அதற்குப் பின்னரும் அவர் எழுதியவற்றின் சாரம் இரண்டு: துளையை அதிக உயரத்தில் போடாதே, போட்ட பிறகு நோயாளியைத் தனியே விடாதே. உயரத்தில் போட்டால் குரல்வளை சுருங்கிப் போகும். தனியே விட்டால் அடைத்துச் சாவான். அஸ்ஸஹ்ராவி மூன்றாம் நான்காம் வளையத்துக்குக் கீழே என்று சொன்னதோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

வெள்ளி நல்ல உலோகம், ஆனால் வளையாது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில், முகம் சிதைந்த படைவீரர்களுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. முகத்திலேயே வேலை நடக்கும்போது முகமூடி வைத்து மயக்க மருந்து கொடுப்பதெப்படி? ஐவன் மகில், ஸ்டான்லி ரோபொதம் என்ற இருவர் தொண்டை வழியாக இறப்பர்க் குழாய் செலுத்தத் தொடங்கினார்கள். சுருளாகச் சுற்றி வைத்திருந்த சிவப்பு இறப்பர்க் குழாயை வேண்டிய நீளத்துக்கு மகில் வெட்டி எடுப்பார். சுருளில் கிடந்ததால் வந்த இயல்பான வளைவு தொண்டையின் வளைவுக்குப் பொருந்திவிட்டது. இறப்பர் எங்களுக்குப் புதிதல்ல. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடவில் நட்டதுதான் ஆசியத் தோட்ட இறப்பரின் தொடக்கங்களில் ஒன்று. மகிலின் காலத்தில் லண்டன் சந்தையை நிரப்பியது இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளர் வெட்டிய பால்தான்.

குழாயைச் சுற்றி ஒரு சின்னக் காற்றுப் பை வைத்தால் காற்றுப் பக்கவாட்டில் ஒழுகாது, எச்சிலும் உள்ளே இறங்காது. இதைக் 'கஃப்' என்கிறார்கள். ஜெர்மனியின் டிரெண்டலன்பேர்க் 1871இலேயே அப்படியொன்றை அறிமுகப்படுத்தியிருந்தார். 1928இல் அமெரிக்காவில் ஆர்தர் கியூடெல் இறப்பர்க் கையுறையின் விரல்களை வெட்டி ஒட்டிச் செய்து பார்த்தார். ஒழுகவில்லை என்று நிரூபிக்கத் தம்முடைய நாயை மயக்கி, குழாய் வைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காட்டினார். நாய் பிறகு எழுந்து உதறிக்கொண்டு போனது. இஷ்பீலியாவின் ஆட்டுக்கு ஒரு தோழன் கிடைத்துவிட்டான்.

கொப்பன்ஹேகன், 1952

இளம்பிள்ளைவாதம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இலங்கையில் கடைசி நோயாளி 1993இல். என் வயதுக்காரர்களுக்கு ஊருக்கொருவராவது கால் சூம்பியவரைத் தெரியும். காலைத் தாக்குவதைப் போலவே சிலரில் நெஞ்சுத் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் அது செயலிழக்கச் செய்யும். அப்போது மூச்சு நின்றுவிடும். அவர்களுக்காக 1928இல் பொஸ்டனில் டிரிங்கர், ஷோ என்ற இருவர் இரும்பு நுரையீரலைச் செய்தார்கள். தலையை மட்டும் வெளியே விட்டு உடம்பு முழுவதையும் இரும்புப் பீப்பாவுக்குள் அடைத்து, உள்ளேயிருக்கும் காற்றமுக்கத்தைக் கூட்டிக் குறைத்து நெஞ்சை அசைக்கிற பொறி.

1952 கோடையில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் இந்நோய் பெரிதாகப் பரவியது. ப்ளெக்டாம் வைத்தியசாலையில் ஆயிரக்கணக்கில் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுள் முந்நூறு பேருக்கு மேல் மூச்சும் விழுங்கலும் பாதிக்கப்பட்டவர்கள். வைத்தியசாலையில் இருந்ததோ ஓர் இரும்பு நுரையீரலும், நெஞ்சில் மட்டும் கவிழ்க்கும் ஆறு சிறு கருவிகளும். முதல் மூன்று வாரங்களில் இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள்.

பிரதான வைத்தியர் லாசனுக்கு, ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிடும்படி அவருடைய உதவியாளர் ஒருவர் யோசனை சொன்னார். அக்காலத்தில் மயக்க மருந்துக்காரரின் இடம் சத்திரசிகிச்சைக் கூடம் மட்டுந்தான். வார்டுக்குள் அவருக்கு என்ன வேலை என்று கேட்கிற காலம். இப்சன் இறந்தவர்களின் பதிவுகளைப் பார்த்தார். இரத்தத்தில் பைகாபனேற்று ஏறியிருந்தது. அதை ஏதோ புரியாத காரத் தன்மை என்று மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். இப்சன் சொன்னார்: இது கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியதன் அடையாளம். மூளை செத்துச் சாகவில்லை இவர்கள், காற்றுப் போதாமல் சாகிறார்கள்.

ஆகஸ்ட் 27ஆம் திகதி பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை இப்சனிடம் கொடுத்தார்கள். கைகால் நான்கும் அசைவற்று, நீலம் பாரித்து, தன் எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்த பிள்ளை. கழுத்தைத் திறந்து கஃப் வைத்த இறப்பர்க் குழாயைச் செருகினார்கள். இறப்பர்ப் பையை அமுக்கி ஊதினால் காற்று இறங்கவில்லை. பிள்ளை பயத்தில் போராடியது, சுவாசக் கிளைகள் இறுகிக்கொண்டன. பார்க்க வந்திருந்த வைத்தியர்களுள் பலர் இனி நடக்காது என்று அறையை விட்டுப் போய்விட்டார்கள். இப்சன் பென்டொதால் கொடுத்தார். பிள்ளையின் சொந்த மூச்சு முற்றாக அடங்கியது. இறுக்கம் தளர்ந்தது. பையை அமுக்கினார். நெஞ்சு எழும்பியது. தோலின் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. அந்தப் பிள்ளை பிழைத்தாள்.

சரி, ஒரு பிள்ளைக்கு ஒருவர் பை அமுக்கலாம். எழுபது பேர் ஒரே நேரத்தில் கிடந்தால்? பொறிகள் இல்லை. பொறிகளுக்குப் பதிலாக மாணவர்களை அழைத்தார்கள். மருத்துவ மாணவரும் பல்வைத்திய மாணவரும் ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து வந்தார்கள். இரவும் பகலும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் பையை அமுக்கினார்கள். மறு கையால் புத்தகம் பிடித்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். தாதியர் சளியை உறிஞ்சி எடுப்பார்கள், பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார்கள். மொத்தம் 165,000 மணித்தியாலங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்துக்கு எட்டுக்கும் மேல் இருந்த இறப்பு, அந்தத் தொற்றுக் காலம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. தான் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை கண்ணெதிரே இறந்ததைப் பார்த்த இருபது வயது மாணவர்களும் அதில் இருந்தார்கள். பையை அமுக்குவதை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி அவர்களுக்கு முன் எந்த மாணவருக்கும் வந்திராத கேள்வி.

வென்டிலேட்டரின் பிறப்புக்கு ஓர் இடம் சொல்லச் சொன்னால் நான் இந்த வார்டைத்தான் சொல்வேன். அங்கே பொறி எதுவும் இல்லை என்பது சரிதான். ஆனால் அந்தக் கைகள் செய்த வேலையைச் செய்கிற பொறியைத்தான் எல்லாரும் தேடத் தொடங்கினார்கள். சுவீடனின் எங்ஸ்ட்ரோம் தயாரித்துக்கொண்டிருந்த கருவி அந்த ஆண்டுகளில் பாவனைக்கு வந்தது. டேனிஷ் இரசாயனவியலாளர் அஸ்ட்ரப், இரத்தத்தின் அமிலத்தையும் வாயுவையும் விரைந்து அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1953இல் இப்சன் அதே நகரத்தின் இன்னொரு வைத்தியசாலையில் திறந்த பிரிவுதான் இன்று ஐ.சி.யூ என்று எல்லா ஊரிலும் சொல்கிற அறைக்கு மூத்தது.

பிறகு வந்தவை

குழாய்களோடு பல மாதங்கள் வாழ்ந்தவர்களில் ஒரு புதுத் துன்பம் தெரியவந்தது. சிவப்பு இறப்பரின் கஃப் சிறியது, கடினமானது. சுவாசக் குழாயின் சுவரை அது அழுத்தியபோது அங்கே இரத்தம் ஓடவில்லை. சுவர் புண்ணாகி, ஆறும்போது சுருங்கியது. நோயிலிருந்து தப்பியவர் குழாயால் மூச்சடைத்தார். 1960களின் கடைசியில் பொஸ்டனில் கூப்பர், கிரில்லோ என்ற இருவர் இதைத் துருவி ஆராய்ந்தார்கள். விடை, பெரிய, மெல்லிய, தளர்ந்த கஃப். நிறையக் காற்று, குறைந்த அமுக்கம். அதற்குள் இறப்பர் போய் பீ.வி.சி. பிளாஸ்டிக் வந்துவிட்டது, உடற்சூட்டில் அது இளகித் தொண்டையின் வடிவத்துக்கு வளையும். இப்போது தாதியர் சிறிய அமுக்கமானி ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். நீர்மட்டக் கணக்கில் 20 முதல் 30 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடினால் புண், குறைந்தால் ஒழுக்கு.

பொன்னா வெள்ளியா என்று இப்னு ஸீனா தொடங்கிய கணக்குக்கு ஆயிரம் வருடம் கழித்துக் கிடைத்த விடை, ஒரு தடவை பாவித்து வீசுகிற பிளாஸ்டிக். இதைக் கேட்டால் கானூனை எழுதியவர் சிரித்திருப்பாரோ என்னவோ.

குரலைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை வைத்தியரோ பொறியியலாளரோ தொடக்கிவைக்கவில்லை. டேவிட் மூயர் என்ற அமெரிக்க இளைஞர் தசை நலியும் நோயால் வென்டிலேட்டரில் வாழ்ந்தவர். கழுத்துக் குழாயால் பேச முடியாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. 1980களில் அவரே ஒரு வால்வை வடிவமைத்தார். குழாயின் வாயில் பொருத்துகிற சின்ன மூடி. காற்று உள்ளே போகும்போது திறக்கும். வெளியே வரும்போது மூடிக்கொள்ளும். அப்போது காற்றுக்கு வேறு வழியில்லை, குரல்வளை வழியாக மேலே ஏறி வாயால்தான் வெளியேற வேண்டும். ஏறுகிற வழியில் குரல்நாண்கள் அதிரும். கழுத்தை விரலால் பொத்திக்கொண்டு சாச்சா செய்ததையே அந்த மூடி செய்கிறது. கை இரண்டும் சும்மா இருக்கும்.